நான்கு ஜாக்கெட், மூன்று பேனா

நான்கு லைஃப் ஜாக்கெட்டுகளை உறையிலிருந்து எடுத்துக்கூடப் பார்க்காமல், நான்குக்கும் 'ஓகே' என்று டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டவன் நான். போதாததற்குத் தாளின் ஓரத்தில் கிரீஸ் தொட்ட கட்டைவிரலால் ஒரு ரேகை வைத்தேன். வேலை செய்த கையோடு எழுதியது போல இருக்க வேண்டும் அல்லவா? இதில் கூடுதல் வெட்கம், எங்கள் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியே நான்தான். என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'சேஃப்டி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒரகடத்தில், பெரிய கார் கம்பெனிகளுக்கு அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ் செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. முதலாளிக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கியவர். இரண்டு நண்பர்களோடு கூட்டுச் சேர்ந்து, நான்கு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்றை வைத்திருந்தார். ஒரே இன்ஜின். அதில் கொச்சி வரை போய், அங்கிருந்து கடலைத் தாண்டி லட்சத்தீவில் இறங்குவது அவருடைய நெடுநாள் ஆசை. அனுமதியெல்லாம் வந்துவிட்டது. ஒரு நாள் சிவப்புப் பை ஒன்றை என் மேஜையில் வைத்தார்.

“சேஃப்டி, உள்ள நாலு லைஃப் ஜாக்கெட் இருக்கு. ஒண்ணொண்ணா செக் பண்ணி ஷீட் போட்டுக் குடுங்க. நம்ம ஃபேக்டரில பண்றா மாதிரியே பண்ணிடுங்க.”

அப்படியே பண்ணினேன்.

எங்கள் ஃபேக்டரியில் எப்படிப் பண்ணுவோம் என்பது அவருக்குத் தெரியாது. ஆடிட் வருகிறதென்றால், முந்தின நாள் டீ முடிந்ததும் உட்கார்ந்து மொத்த மாதத்துக்கும் சோதனை ஷீட் எழுதிவிடுவேன். அதற்கென்றே மூன்று பேனா வைத்திருந்தேன். ஒரு நீலம், ஒரு கறுப்பு, மை தீரப்போகிற இன்னொரு நீலம். மாற்றி மாற்றி எழுதினால் வெவ்வேறு நாளில் எழுதியது போலவே இருக்கும். சில தாள்களைக் கசக்கி நீவுவேன். ஒன்றிரண்டில் டீ கிளாஸை வைத்து எடுப்பேன். எந்த ஆடிட்டரும் சந்தேகப்பட்டதில்லை. ஒருவர் மட்டும், “உங்க ரெக்கார்டு ரொம்ப உயிரோட இருக்கு” என்று பாராட்டினார்.

லைஃப் ஜாக்கெட் ஷீட்டைக் கொடுத்த மூன்றாம் நாள், நான்காவது சீட்டில் வருவதாக இருந்த முதலாளியின் மச்சானுக்கு வேலை வந்துவிட்டது. கேன்டீனில் முதலாளி இதைச் சொன்னபோது என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

“கவலைப்படாதீங்க சார், நான் வர்றேன். கடல்ல எறங்கிட்டா அங்கயும் ஒரு ஆக்சிடென்ட் ரிப்போர்ட் எழுதணும் இல்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “நெசமாவே வாங்க. நீங்க இருந்தா சிரிச்சிகினே போய்ச் சேர்ந்துடலாம்” என்றார்.

சாயங்காலம் ஷிப்ட் பஸ் குன்றத்தூரில் என்னை இறக்கிவிடுவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. என் மனைவி தெருவில் பாதிப் பேரிடம் சொல்லி முடித்திருந்தாள். தலைக்கு ஒரு தொப்பி கூட வாங்கி வைத்திருந்தாள்.

“ஏங்க, உங்களுக்கு நீச்சல் தெரியாதே?”

“பிளேன்ல போறதுக்கு எதுக்குடி நீச்சல்?”

“அப்போ நீங்க செக் பண்ணதா சொன்ன ஜாக்கெட்டு எதுக்கு?”

ஜாக்கெட் எதற்கு என்பது அந்தக் கணம் வரை எனக்கு உறைக்கவில்லை. அது ஒரு தாளில் நான்கு கட்டங்களாகத்தான் இருந்தது. இப்போது அதில் ஒரு கட்டத்துக்குள் நான் இருந்தேன்.

போனில் மேப்பைத் திறந்து பார்த்தேன். கொச்சியிலிருந்து தீவு வரைக்கும் நீலம். விரலால் இழுக்க இழுக்க நீலம். தீவு ஒரு அரிசி மணி அளவுக்கு வந்தது. அதில் ஒரு ஓடுதளம், அதன் இரண்டு முனையிலும் மறுபடி நீலம். மறுநாள் காலை பஸ்ஸின் இன்ஜின் லேசாக இருமியதற்கு முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர், “இன்னா சேஃப்டி, இப்பவே டேக் ஆஃபா?” என்றார்.

போனவுடன் சிவப்புப் பையைத் தூக்கிக்கொண்டு தரச் சோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அந்த ஜாக்கெட்டில் சின்ன கேஸ் சிலிண்டர் ஒன்று உண்டு. கயிற்றை இழுத்தால் கேஸ் பாய்ந்து ஜாக்கெட் ஊதிக்கொள்ளும். கேஸ் நிரம்பியிருந்தால் எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று சிலிண்டரிலேயே பொறித்திருப்பார்கள். ரப்பர் புஷ்ஷை நிறுக்கும் கிராம் தராசில் வைத்துப் பார்த்தால் போதும், ஐந்து நிமிட வேலை.

முதல் சிலிண்டர் எடை குறைந்தது. தராசை அணைத்து, மறுபடி போட்டு வைத்தேன். அதே குறை. இரண்டாவதும் அப்படியே. யாரோ எப்போதோ இழுத்துப் பார்த்துவிட்டு ஒழுங்காக மடித்து வைத்திருக்கிறார்கள். மூன்றாவதும் நான்காவதும் சரியாக இருந்தன.

அடுத்து நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. முதலாளியிடம் ஓடவில்லை. அந்த நல்ல இரண்டில் ஒன்றின் உறையில், மூலையாகப் பார்த்து, வெள்ளை பெயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை, லோடு ஏற்றும் மேடைக்கு முன்னால் ஒத்திகை. முதலாளி தரையில் சாக்பீஸால் விமானம் வரைந்து, உள்ளே நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார். முன்னால் அவரும், அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த ரிட்டையரான பைலட்டும். பின்னால் முதலாளியின் மனைவியும் நானும். ஜாக்கெட்டுகளை முதலாளியே எடுத்து வீசினார். வெள்ளைப் புள்ளி பறந்து போய் அந்த அம்மாவின் மடியில் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு வந்ததைப் பிடிக்காமல் விட்டேன்.

“கடல்ல எறங்கினதும் மொதல்ல கதவு. வெளிய வந்தப்புறம்தான் கயிறு. உள்ளயே இழுத்தா ஊதிகினு கதவுல மாட்டிப்போம்” என்று சொல்லிக்கொண்டே முதலாளி தன்னுடையதை மாட்டினார். அது காலியா நல்லதா, எனக்குத் தெரியவில்லை. என் கழுத்தில் தொங்கியது எது என்றும் தெரியவில்லை.

“சார்” என்றேன். “இதுல ரெண்டு காலி.”

“ஓகே போட்டிருக்கீங்களே?”

“போட்டேன் சார். பாக்கல.”

“ரேகையெல்லாம் இருந்துச்சே?”

“அது சும்மா வெச்சது சார்.”

முதலாளி தன் கயிற்றைச் சட்டென்று இழுத்தார். டொக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். துணி துணியாகவே தொங்கியது. அந்த அம்மா தன் ஜாக்கெட்டைக் கழற்றி, மடித்து, தரையில் வைத்தார்.

புது ஜாக்கெட் வாங்கிக்கொண்டு, அந்த வாரமே மூன்று பேராகப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள். என்னிடம் முதலாளி சத்தம் போடவில்லை. கிளம்புவதற்கு முன்னால் ஒன்றுதான் சொன்னார்: “நீங்க இங்கயே இருங்க. ஃபேக்டரில இருக்கிற எல்லா தீயணைப்பு சிலிண்டரையும் பாருங்க. ஷீட் வேணாம். பாத்துட்டு வந்து வாயால சொல்லுங்க.”

அடுத்த திங்கட்கிழமை பார்க்க ஆரம்பித்தேன். மூன்றாவது பிரஸ் மெஷினில் நிற்கிற அக்கா மணிமங்கலத்துக்காரர். மெஷினுக்குப் பக்கத்துத் தூணில் சிவப்பு சிலிண்டர் தொங்குகிறது. நான் குனிந்து அதன் மீட்டரைப் பார்ப்பதை அதிசயமாகப் பார்த்தார்.

“இன்னாண்ணே, புதுசா பாக்குற?”

சொன்னேன். சாக்பீஸ் விமானம், வெள்ளைப் புள்ளி, டொக் சத்தம், எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். கேன்டீனில் அதற்கு நல்ல சிரிப்பு கிடைத்திருந்தது. அவர் சிரிக்கவில்லை. என் தோளுக்கு மேலாக எட்டி மீட்டரைப் பார்த்தார். முள், காலி என்று காட்டும் சிவப்பில் படுத்திருந்தது. கீழே தொங்கிய அட்டையில் மாதம் தவறாமல் என் கையெழுத்து, மூன்று பேனாவில்.

“உனுக்கு உசுரு போவும்னதும் பிரிச்சிப் பாத்துக்கினே. நான் பன்னெண்டு வருசமா இதுக்குப் பக்கத்துலதான் நிக்கிறேன்.”