பிளேடைத் தளர்த்தப் போனது

எழுதுகிற அளவுக்குப் படித்தவன் இல்லை நான். பத்தாம் வகுப்போடு நின்றவன், அதுவும் மலையாளப் பள்ளியில். தமிழ் எழுத்தை வீட்டில் கற்றுக்கொண்டேன். நாலு பேர் நடுவே வாய் திறக்கவும் வராது. அன்று பேசத் தெரியாதவன் இன்று எழுத உட்கார்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியில் ஒரு பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தேன். கப்பலில் போகும் சரக்குக்கு மரப்பெட்டி அடிக்கிற இடம். அங்கே ஒரு பட்டை ரம்பம் இருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பெரிய சக்கரங்கள். அவற்றின் மேல் பல் வைத்த பிளேடு பெல்ட் மாதிரி சுற்றும். ஒரு கைச்சக்கரத்தைத் திருகினால் பிளேடு விறைக்கும், எதிர்ப்பக்கம் திருகினால் தளரும். அந்த மெஷினில் நாங்கள் இரண்டு பேர். ஒருவர் அறுத்தால் மற்றவர் பலகை பிடிப்பார். அவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர், எங்கள் வீட்டைப் போலவே தமிழ் பேசும் வீட்டுக்காரர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

இறுக்கத்திலேயே நின்றால் பிளேடு அறுந்துபோகும் என்று, சாயங்காலம் வேலை முடிந்ததும் அதை நான்கு சுற்று தளர்த்துவேன். தளர்ந்திருப்பது தெரியாமல் காலையில் யாரும் ஓட்டிவிடாதபடி சுவிட்சில் ஒரு அட்டையைத் தொங்கவிடுவேன். அண்ணனுக்கு அது பிடிக்காது. தினமும் தளர்த்தி தினமும் இறுக்கினால் ஒருநாள் அளவு தப்பும், அதுதான் ஆபத்து என்பார்.

"நீ உறங்கும்போ முண்டு அவுத்து வச்சிட்டா உறங்குறே?" என்று என் வேட்டியைக் காட்டி எல்லோர் முன்னாலும் கேட்பார்.

"இறுக்கிக் கட்டிட்டு உறங்கினா அண்ணனுக்குத்தான் மூச்சு முட்டும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். அவருக்குத் தொப்பை உண்டு. அன்று அவரும் சிரித்தார்.

ஒரு பெருநாளுக்கு முந்தின நாள் நான் வேலைக்குப் போகவில்லை. அவர் பிளேடை இறுக்கத்திலேயே விட்டுப் போயிருந்தார். லீவு முடிந்து நான் அறுத்த முதல் பலகையிலேயே அது அறுந்தது. ஒரு முனை என் காதோரமாகப் போய்த் தகரச் சுவரில் அடித்தது. தளர்த்தாததால்தான் என்றேன் நான். பிளேடின் இரண்டு முனையையும் சேர்த்துப் பற்றவைத்த இடம் மோசம் என்றார் அவர். எது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்குப் பிடித்த பயம் போகவில்லை.

அடுத்த வருஷம் வேலைநிறுத்தம் வந்தது. கம்பெனி நீக்கிய இரண்டு பேரைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று சங்கம் கேட்டது. நானும் சங்கத்தில் இருந்தேன்; தோழர் என்பதை அங்கே சகா என்போம். பகல் பதினொரு மணிக்குக் கோஷம் கேட்டதும் எல்லோரும் போட்டது போட்டபடி இறங்கினோம். பிளேடு இறுக்கத்தில் நின்றது.

ஒன்பது நாள் வாசலில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் முதலாளியைத் திட்டும்போது நான் பிளேடை நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பப் போனால் அதன் முன்னால் நிற்கப்போவது நாங்கள் இரண்டு பேர்தான். உள்ளே போய்த் தளர்த்திவிட்டு வருகிறேன் என்று சங்கத்தில் சொல்லிவிட்டே போயிருக்கலாம். கூட்டத்தில் எழுந்து நின்று பிளேடைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது.

பத்தாம் நாள் எல்லோரும் சாயா குடிக்கப் போன நேரத்தில், காயல் பக்கத்துச் சின்ன வாசல் வழியாக உள்ளே போனேன். காவல்காரர் ஒன்றும் கேட்கவில்லை. நான்கு சுற்று தளர்த்தினேன். அட்டையை மாட்டினேன். வெளியே வந்தபோது சங்கச் செயலாளரும் பத்துப் பேரும் நின்றார்கள்.

"சகாவுக்கு உள்ளே எந்தா பணி?" என்றார் செயலாளர்.

"பிளேடு லூஸ் பண்ண."

"முதலாளியோட பிளேடுக்கு மேலு வலியாம். தடவிக் கொடுத்துட்டு வர்றான்" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

"முதலாளி ஆபீஸ் ரூம்ல இருக்கறது எங்களுக்கு அறியாதுன்னு நெனச்சியா?" என்றான் இன்னொருவன். அவர் இருந்தது எனக்குத்தான் தெரியாது.

செயலாளர் நியாயமான மனிதர். அண்ணனைக் கூப்பிட்டார். "சேட்டா, நீங்க பறயணும். லூஸ் பண்ணலேன்னா அது கெட்டுப் போகுமா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "இல்ல. நான் ஒரு நாளும் லூஸ் பண்ணினதில்ல. அவசியமில்ல" என்றார்.

இவன் தினமும் தளர்த்துகிறவன் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முண்டுக் கேலிக்குச் சிரித்தவர்கள் எல்லாம் அங்கேதான் நின்றார்கள். ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. அவர் பொய் சொல்லியிருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். அவர் சொன்னது அவருடைய நிஜமான அபிப்பிராயம்.

கருங்காலி என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். என் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைச் செயலாளரே கழற்றினார், துணி கிழியாமல் பார்த்து.

மறுநாள் சமரசம் ஆயிற்று. நீக்கிய இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் அட்டையைக் கழற்றிவிட்டு, பிளேடை இறுக்கி மெஷினை ஓட்டினார். பலகை பிடிக்க வேறு ஆள் நின்றான். என்னை ஆணி அடிக்கிற பக்கம் மாற்றினார்கள்.