லயத்துப் பலாவுக்கு வைத்த சாமி

“மேல்மலையில் மரம் முழுக்க இறங்கிவிட்டது. லயத்துப் பலா மட்டும் நிற்கிறது. அதை வைத்துத்தான் சாப்பாடு.” கடல் கடந்து திருச்சிக்குப் போய்விட்ட சித்தப்பாவுக்கு அப்பா எழுதிய கடிதத்தில் இப்படி இருக்கிறது. 1974 மாசி என்று மட்டும் குறித்திருக்கிறார், நாள் இல்லை.

நாங்கள் யட்டவத்தவுக்கு மேலே ஒரு கொக்கோத் தோட்டத்தில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தோம். நிலச் சீர்திருத்தத்தில் தோட்டத்தை நடத்திய பழைய துரை போன பிறகு முதலில் விலை போனவை நிழல் மரங்கள். நிழல் இல்லாமல் கொக்கோ கருகியது. வேலை நாள் குறைந்தது. ரேஷன் கூப்பனுக்குக் கிடைக்கும் மாவு வார நடுவிலேயே தீர்ந்துவிடும். அதன் பிறகு பலாப்பிஞ்சுதான். என் தங்கைக்கு அப்போது இரண்டு வயது. அவளுக்கும் அதையே மசித்துக் கொடுத்தோம்.

பலாவையும் வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அம்மாவும் லயத்துப் பெண்களும் ஓடையிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து மரத்தடியில் நட்டு, மஞ்சள் துணி கட்டி, முனியாண்டி என்றார்கள். சாமி இருக்கும் மரத்தில் யாரும் கோடரி வைக்கமாட்டார்கள் என்று நம்பினார்கள்.

அது வீண் நம்பிக்கை இல்லை. மரம் வெட்ட ஒப்பந்தம் எடுத்துப் பல்லேபொலயிலிருந்து வந்த சிங்களக் கொந்தராத்துக்காரர் கல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு எங்கள் பூசாரியிடம் தமிழில் சொன்னார்:

“சாமிக்குக் குத்தம் செய்ய மாட்டேன். பூசை போட்டு வேற மரத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அரிசி, சேவல் எல்லாம் நான் தாரேன்.”

அப்பா என் காதருகே, “முனியாண்டி வந்து ஒரு மாசங்கூட ஆகல, அதுக்குள்ள வீடு மாறணுமாம்” என்றார்.

மறுக்க வழியில்லை. நாங்களே வைத்த கல் என்று ஒப்புக்கொண்டால் அன்றைக்கே மரம் போய்விடும். மெய்யான சாமி என்றால், சாமியைக் கேட்டாக வேண்டும். அரிசி மூட்டையை இறக்கி வைத்த பிறகு பூசாரிக்கு அருள் வந்தது. முனியாண்டி சம்மதித்துவிட்டார் என்றார்.

அம்மாவுக்குப் பூசாரி அண்ணன் முறை. “சாமி ஒத்துக்கல அண்ணே, ஒங்க வயிறுதான் ஒத்துக்கிச்சு” என்றார் அம்மா.

“ஏன் தங்கச்சி, ஒன் வயிறு மட்டும் வேணாங்குதா?”

அன்று லயம் முழுக்கச் சோறும் சேவல் குழம்பும். அம்மாவும் சாப்பிட்டார். யாரும் விலை கேட்காத ஒரு முள்முருங்கை அடிக்குக் கல்லை மாற்றினோம். மறுநாள் பலா விழுந்தது. கிளைகளில் இருந்த பிஞ்சுகளை எல்லா வீடுகளும் பங்கிட்டுக்கொண்டன. அவை ஒரு வாரம்கூட வரவில்லை.

ஆடி மாதம் தங்கை இறந்தாள்.

மேல்மலையில் பிறகு எதுவும் எழும்பவில்லை. கோடையில் நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலி வற்றியது. மழையில் மண் லயத்து வாசல் வரை இறங்கியது. தமிழர்களுக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பின் லயத்தில் பாதிப்பேர் வவுனியாப் பக்கம் போனார்கள். அங்கேயும் அவர்களுக்குக் காட்டை வெட்டித்தான் குடிசை போட வேண்டியிருந்தது என்று கேள்விப்பட்டேன்.

தங்கையின் மரணப் பதிவைப் பின்னாளில் எடுத்துப் பார்த்தேன். காரணம் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறது. பசி என்று அம்மா கடைசிவரை சொன்னார். அவளைப் பார்த்த, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரும் வவுனியாவுக்குப் போனவர்களில் ஒருவர். அவரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. எது சரி என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.