மான் மேய்ந்த பாத்தி

அந்தத் திங்கட்கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் நான் படிப்பிக்கும் தரம் மூன்று வகுப்புப் பிள்ளைகள் போட்ட முளைக்கீரையை முதன்முதலாகப் பறித்து, பள்ளிக்கூடப் பகல் உணவில் சேர்ப்பதாக இருந்தோம். ஐந்து பாத்திகளில் நான்கைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வேலியோரத்துப் பாத்தி, மீனும் சோறும் தவிர வேறெதையும் தொடாத ஒரு சிறுமியுடையது. பிள்ளைகளைச் சோதிக்க வந்த வைத்தியர் அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் இரத்தம் போதாது, கீரை கொடுங்கள் என்று சொல்லிப் போனார். சொல்வது சுலபம். சத்துணவுப் பாடத்தில் நான் தொண்டை கிழியக் கத்தியும் அவள் கீரையைத் தட்டின் ஓரத்துக்கே தள்ளினாள். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்.

"நான் விதைச்சதெண்டால் சாப்பிடுவன் ரீச்சர்."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வகுப்புக்கும் தோட்டத்துக்குமாக அலைந்தேன். எங்கள் ஊரில் பூச்சியை விட மானுக்குத்தான் பயப்பட வேண்டும். கோட்டைப் பக்கத்திலிருந்து கூட்டமாக வரும், கடை வாசலில் நின்று வாழைப்பழத் தோல் தின்னும், திறந்த கேற்றைக் கண்டால் விடாது. அதனால் தோட்டத்துக் கேற்றுக்குச் சங்கிலியும் பூட்டும் போட்டிருந்தோம்.

திங்கள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவள்தான் கடைசியாகத் தண்ணீர் ஊற்றிப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. பஸ் தரிப்பிடம் வரை போனவள் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தேன். மூன்றாம் முறை என்னிடமிருந்த திறப்பால் பூட்டைத் திறந்து உள்ளே போய்க் கீரையைத் தடவியும் பார்த்தேன். அதற்குள் கிண்ணியா பஸ் ஹோர்ன் அடித்தது. ஓடிப்போய் ஏறினேன்.

செவ்வாய் காலை ஐந்து பாத்தியும் மொட்டை. மண்ணெல்லாம் குளம்படி. கேற் ஆவென்று திறந்து கிடந்தது. கோபம் தலைக்கேறியது.

"நேற்றுக் கடைசியாப் பூட்டினது ஆர்?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். "நான் பூட்டினனான் ரீச்சர்," என்றாள்.

"அப்ப மான் திறப்புக் கொண்டு வந்ததோ?"

அவளை வகுப்பின் முன்னால் நிறுத்தினேன். அவள் அழவில்லை. அது என் எரிச்சலை இன்னும் கூட்டியது.

இரண்டாம் பாடத்தில் சிவப்புப் பேனை தேடிக் கைப்பையைத் துழாவினேன். கையில் பூட்டு அகப்பட்டது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "போய் இடத்தில இருங்கோ" என்று மட்டும் அவளிடம் சொன்னேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பகல் உணவுக்குச் சந்தையில் வாங்கிய கீரை வந்தது. அவள் வழக்கம்போல ஓரத்துக்குத் தள்ளினாள். எனக்கும் சோறு இறங்கவில்லை. எழுந்துபோய் அவளுடைய மேசையில் பூட்டை வைத்தேன்.

"நான்தான் பூட்டாமல் விட்டிட்டன் பிள்ளை. இது என்ர பைக்குள்ள கிடந்தது. உங்களைப் பிழையா ஏசிப்போட்டன்."

பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நீங்களும் முன்னுக்குப் போய் நில்லுங்கோ ரீச்சர்."

வகுப்பே சோற்றை மெல்ல மறந்து என்னைப் பார்த்தது. போய் நின்றேன். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், ஓரத்துக் கீரையில் கொஞ்சம் கிள்ளிச் சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தாள். முகம் கோணியது. ஆனாலும் விழுங்கினாள்.

"சரி, வந்து இருங்கோ," என்றாள். "எங்கட கீரை இதைவிட நல்லா இருந்திருக்கும், என்ன ரீச்சர்?"