லெந்து நாளில் கெட்டுப்போன லிப்ட்

கோபம் எனக்குப் பிறவிச் சொத்து. முப்பது வருஷம் ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததில் அதற்கேற்ற குரலும் வாய்த்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் மயிலாப்பூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோருக்கும் நான் ‘டீச்சர்’தான்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவத்தை எங்கள் சபையில் லெந்து என்போம். அந்த நாட்களில் ஆளுக்கு ஒன்றை விட்டுவிடுவது வழக்கம். அந்த வருஷம் லெந்தின் முதல் நாளான சாம்பல் புதன் ஆராதனை முடிந்ததும் பெண்கள் சங்கத்தில் வட்டமாக உட்கார்ந்து அவரவர் சொன்னோம். ஒருத்தி காபி என்றாள். ஒருத்தி சீரியல் என்றாள். அதுவும் ஏழரை மணி சீரியல் மட்டும். என் முறை வந்தபோது, இவர்களைவிடப் பெரிதாக ஒன்றைச் சொல்லியே தீரவேண்டும் என்ற வீம்பில், “கோபம்” என்றேன். தவத்திலும் போட்டி போட்ட ஆள் நான். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் சட்டையெல்லாம் தெறித்தது. சிரித்து முடித்தவர், குடியிருப்பின் வாட்ஸப் குழுவிலும் அதைப் போட்டுவிட்டார்.

மறுநாள் பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள் கேட்டருகே கூடையை இறக்கினாள். நான் சங்கரா மீனின் செவுளைக்கூடத் தூக்கிப் பார்க்காமல், “நீங்க குடுக்கறதைக் குடுங்கம்மா” என்றேன். அவள் பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தாள்.

“இன்னா டீச்சரம்மா, ஒடம்பு கிடம்பு செரியில்லையா? ஒரு வார்த்த திட்டலியே!”

அந்த மீன் நாறியது. கணவர் அதைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு ரசத்தோடு சாப்பிட்டார்.

எங்கள் குடியிருப்பே என் கோபத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்புறம்தான் எல்லோருக்கும் தெரிந்தது. தண்ணீர் லாரி நினைத்த நேரத்துக்கு வந்தது. யார் யாரோ எங்கள் கேட்டை மறித்து வண்டியை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போனார்கள். இரண்டாவது வாரம் லிப்ட் நின்றது. மெக்கானிக் வந்தார், பார்த்தார், பாம்பேயிலிருந்து பார்ட் வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். முன்பெல்லாம் நான் ஒரு போன் போட்டால் அரைமணியில் ஆள் வந்து நிற்கும். இப்போது நான் புன்னகை செய்துகொண்டு படியேறினேன்.

எனக்கென்ன, இரண்டாவது மாடி. நாலாவது மாடியில் இருந்த மாமிக்கு அப்படியில்லை. அவளுக்கும் என் வயதுதான், வாய் மட்டும் என்னைவிட நீளம். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்வந்தாள். லிப்ட் நின்றதிலிருந்து அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து வாட்ச்மேனும் இன்னும் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், திரும்ப ஏறினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஐந்தாறு பேர் எங்கள் வீட்டுக்குப் படையெடுத்து வந்தார்கள். முன்னால் நின்றவர் முதல் மாடி மாமா, குடியிருப்பின் செயலாளர். ஏகாதசி தவறாமல் பட்டினி கிடப்பவர். விரதச் சட்டங்களில் அவரை அசைக்க முடியாது.

“டீச்சர், நானும் காலண்டரை வெச்சுண்டு எண்ணிப் பாத்துட்டேன். சாம்பல் புதன்லேர்ந்து ஈஸ்டருக்கு மொத நாள் வரைக்கும் நாப்பத்தாறு நாள் வரது. நீங்களோ நாப்பதுங்கறேள். அப்போ நடுவுல வர ஆறு ஞாயித்துக்கிழமையும் உங்களுக்கு விரதம் கிடையாது. சரிதானே?”

சரிதான். நான் கணக்கு டீச்சர், மறுக்க முடியவில்லை.

“அப்படின்னா ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு லிப்ட்காரனை வரச் சொல்றேன். நீங்க சர்ச் முடிஞ்சு வந்து ஒரு பத்து நிமிஷம் கோவிச்சுக்கோங்கோ, போதும்.”

ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சில் திருவிருந்து எடுத்துவிட்டு வந்தபோது படிக்கட்டு முழுக்க ஆட்கள். சிலர் கையில் காபி டம்ளர்கூட இருந்தது. மெக்கானிக் கேட்டருகே டூல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். நான் தொண்டையைச் செருமினேன்.

“சாப்பிட்டீங்களா தம்பி?” என்றேன்.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வாரப் பழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மெக்கானிக்குக் கண் கலங்கியது. “பார்ட்டு வந்துக்கினே கீது மேடம்” என்று சொல்லிக்கொண்டே எங்கள் வீட்டுப் பிரியாணியை இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. உள்ளுக்குள் எனக்கோ ஒரே பூரிப்பு. கோபப்பட அனுமதி இருந்தும் கோபப்படவில்லையே! பெண்கள் சங்கத்தில் இதை எப்படி அடக்கமாகச் சொல்வது என்று அன்றைக்கு முழுக்க ஒத்திகை பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் கதவைத் திறந்தபோது மாமியின் நாற்காலி எங்கள் வாசலில் இறங்கியிருந்தது. தூக்கியவர்கள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் இரண்டு கையாலும் நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தாள். காலெல்லாம் வீங்கியிருந்தது. நான் என் புதுப் புன்னகையைச் செய்தேன்.

“டீச்சர், நீங்க கோவத்தை விட்டேள். நல்ல காரியம்தான்” என்றாள். “ஆனா படி எறங்கறது நான்னா?”

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. என் தவத்தை இத்தனை நாளும் அவள்தான் செய்துகொண்டிருந்திருக்கிறாள். உள்ளே போய் போனை எடுத்துவந்து, அவள் முன்னால் நின்றே லிப்ட் கம்பெனி மேனேஜரைக் கூப்பிட்டேன்.

“ஹலோ, நான் முடிக்கிற வரைக்கும் நீங்க பேசக்கூடாது! பார்ட் என்ன பாம்பேலேர்ந்து நடந்து வருதா? இங்க ஒருத்தி நாலு மாடியும் நாற்காலியில தொங்கிக்கிட்டு இறங்கறா. சாயந்திரத்துக்குள்ள லிப்ட் ஓடலைன்னா இதே நாற்காலியை உங்க ஆபீஸ் வாசல்ல போட்டு அவளை உட்கார வெச்சுட்டு, பக்கத்துல நின்னு நான் கத்துவேன். எனக்கு மைக்கே வேண்டாம்!”

இன்னும் நிறையச் சொன்னேன். மாடிக்கு மாடி கதவுகள் திறந்தன. யாரோ மிக்சியை நிறுத்தினார்கள். கீழேயிருந்து செயலாளர் மாமா, “பேஷ்!” என்றார். மாமி நாற்காலியில் சாய்ந்து, கச்சேரி கேட்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பாம்பேயிலிருந்து வரவேண்டிய பார்ட் மதியம் மூன்று மணிக்குப் பக்கத்திலிருக்கும் நந்தனத்திலிருந்து ஆட்டோவில் வந்தது.

சாயந்திரம் டயாலிசிஸ் முடிந்து திரும்பிய மாமி லிப்ட்டை எங்கள் மாடியில் நிறுத்தி, கம்பிக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

“உங்க விரதம் முறிஞ்சுடுத்தே டீச்சர். உங்க சாமி கோச்சுக்க மாட்டாரா?”

“தெரியலை மாமி. என்ன சொல்வாரோ.”

“கவலைப்படாதேங்கோ. எப்படியும் நான்தானே முன்னாடி போகப்போறேன். நேர்லயே பாத்து சொல்லிடறேன்.”

“வாயைக் கழுவுங்க மாமி!” என்று கத்தினேன். “இன்னொரு தரம் இப்படிப் பேசினீங்கன்னா தெரியும்!”

அன்றைக்கு இரண்டாவது தடவையாக என் விரதம் முறிந்தது. அழுதுகொண்டே இன்னும் ஏதேதோ திட்டினேன். அவள் சிரித்தபடி கதவைச் சாத்தி, நாலாம் எண்ணை அழுத்தினாள். லிப்ட் மேலே போய் நிற்கிறவரை நான் திட்டிக்கொண்டே இருந்தேன்.