ஜெலிஷா என்றால் என்ன பொருள்?

ஐந்தாம் வகுப்பு டீச்சரே, நீங்கள் செய்தது அநியாயம். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

போன வாரம் பிள்ளைகளுக்கு ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தீர்கள் — 'என் பெயர்: பொருள், தோற்றம், அந்தப் பெயருள்ள புகழ்பெற்றவர்கள்'. பத்து மார்க். மேரிக்கு என்ன கஷ்டம்? பாத்திமாவுக்கு என்ன கஷ்டம்? எக்ஸ்ட்ரா பேப்பர் கேட்டு வாங்கியிருப்பார்கள். எங்கள் ஊர் புதுக்கடையில் என் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன செய்வாள்? அவள் பெயர் ஜெலிஷா!

"மாமா, நீங்கதான பேப்பர்ல எழுதுவீங்க. கண்டுபிடிச்சுத் தாங்க" என்று வந்து நின்றாள்.

எந்த அகராதியில் தேடுவது? வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்தில் பெயரைத் தயாரிப்போம். அப்பா பெயரில் ஒரு துண்டு, அம்மா பெயரில் ஒரு துண்டு... ஒட்டினால் பிள்ளை பெயர் ரெடி. இவள் அப்பா ஜெபசிங், டயர் கடைக்காரன். அம்மா லிஜி. ஆக, ஜெ-லி வந்துவிட்டது. ஷா?

ஜெபசிங்கையே கேட்டேன்.

"அது பயத்துல வந்துட்டு அண்ணே."

ஞானஸ்நானத்தன்று நடந்த கதை. அவன் வீட்டார் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். லிஜி வீட்டார் வேறொன்று. இரண்டு மாதமாகப் பேச்சே கிடையாது. கோயிலுக்குள்ளும் ஆளுக்கொரு பக்கம்.

"பாஸ்டர் கையில வெள்ளத்த எடுத்துட்டு, பேரச் சொல்லுங்கன்னு நிக்காரு. எனக்க அண்ணன் ஒண்ணச் சொல்லுகான். லிஜிக்க அண்ணன் வேற ஒண்ணச் சொல்லுகான். எதச் சொன்னாலும் எனக்கு அடி உறுதி. கண்ண மூடிட்டு ஜெலிஷான்னுட்டேன்."

"இன்னும் கொஞ்சம் பயந்திருந்தா ஜெலிஷாஷான்னு இருந்திருக்கும்" என்றாள் லிஜி.

யாருக்கும் வெற்றி இல்லை. யாருக்கும் தோல்வி இல்லை. அன்று மதியம் இரண்டு வீட்டாரும் ஒரே பந்தியில் பிரியாணி சாப்பிட்டார்களாம்!

சரி, தோற்றம் கிடைத்தது. புகழ்பெற்றவர்கள்? செல்போனில் ஒருத்தியும் அகப்படவில்லை. விசாரித்ததில் இராஜாக்கமங்கலத்தில் இன்னொரு ஜெலிஷா இருக்கிறாள். அப்பா ஜெயன், அம்மா லிசி. வயது நான்கு. அங்கன்வாடியில் நல்ல புகழ்தான் — கடிப்பாளாம்.

நம் ஆள் எதையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்தாள். கடைசி வரி அவளுடையது: 'இரண்டு மாதக் குழந்தையாக இருக்கும்போதே நான் ஒரு சண்டையை நிறுத்தினேன். ஆகையால் நானும் புகழ்பெற்றவள்.'

நீங்கள் போட்டது பத்துக்கு இரண்டு. சிவப்பு மையில் ஒரு குறிப்பு வேறு: 'இந்தப் பெயருக்குப் பொருள் இல்லை. புகழ்பெற்றவர் எவரும் இல்லை.' அதை வகுப்பில் உரக்க வாசித்தும் காட்டியிருக்கிறீர்கள்.

அன்று சாயங்காலம் பிள்ளை நேராக டயர் கடைக்குத்தான் போனாள். நானும் அங்கே இருந்தேன். முதுகிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை.

"அப்பா, எனக்க பேர மாத்தித் தாங்க."

ஜெபசிங் ஸ்பானரும் கையுமாக அப்படியே நின்றுவிட்டான். "என்ன பேரு வேணும் மக்கா?"

"பொருள் உள்ளது... ஏதாவது."

ஒரு அப்பன் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ப்ராஜெக்ட்டை வாங்கிப் பார்த்தேன். சிவப்புக் குறிப்புக்குக் கீழே உங்கள் கையெழுத்து. முழுப்பெயரையும் அழகாகப் போட்டிருக்கிறீர்கள் — சுபிஜா.

பிள்ளையைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்தாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்:

"மாமா... டீச்சருக்க அப்பாவும் பயந்துட்டாரா?"

ஜெபசிங் சிரித்த சிரிப்பில் ஸ்பானர் கீழே விழுந்தது.

பெயர் மாற்றும் யோசனையைத் திங்கட்கிழமை வரை தள்ளிவைத்திருக்கிறாள். ஆகவே சுபிஜா டீச்சர், திங்கட்கிழமை காலையில், அதே வகுப்பில், அதே பிள்ளைகள் முன்னால் பதில் சொல்லுங்கள்:

சு யார்? பி யார்? அந்த ஜா எங்கிருந்து வந்தது?