ஒரு கறிவேப்பிலைச் செடிக்கு ஒன்பது டூல்ஸ்

புதிதாகத் தோட்ட வேலையில் இறங்குகிறவர்கள் என்னென்ன டூல்ஸ் வாங்க வேண்டும் என்று கேட்டால், தயங்காமல் என்னிடம் அனுப்பிவையுங்கள். ஒரே ஒரு கறிவேப்பிலைச் செடிக்கு ஒன்பது டூல்ஸ் வாங்கிய ஆள், எனக்குத் தெரிந்து பினாங்கிலேயே நான் ஒருவன்தான்.

எல்லாம் என் மனைவியின் முழங்காலால் வந்த வினை. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், ஆறு வாரத்துக்குப் பின்வாசல் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்குக் காலைவிடப் பின்பக்கத் தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலைமேல்தான் கவலை. பதினோரு வருடச் செடி. எங்கள் வரிசையில் மலாய்க்காரர் வீடு, சீனர் வீடு என்று பாதிக் கறிச்சட்டிகள் அதை நம்பித்தான் கொதித்தன.

"பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டிகிட்ட குடுத்துடறேன். அவங்க நல்லா பாத்துக்குவாங்க," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பிறை தொழிற்பேட்டையில் ஒரு ஃபேக்டரியின் டூல் ஸ்டோரை முப்பத்தொரு வருடம் கட்டி ஆண்டவன் நான். ரிட்டயர் ஆகி எட்டு மாதமாகியும் இந்த வீட்டில் ஒரு குப்பைப் பையைக்கூட யாரும் என்னை நம்பிக் கொடுத்ததில்லை.

"அப்ப நான் எதுக்கு இருக்கேன்? நான் பாத்துக்கறேன்லா!"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சரி. தண்ணி மட்டும் ஊத்துங்க, போதும். நான் நடந்து வந்து பாக்கும்போது அது உயிரோட இருக்கணும். இல்லேன்னா தொட்டி ஆன்ட்டி வீட்டுக்குத்தான்."

தண்ணீர் மட்டுமாம்! வேலைக்கேற்ற டூல் இல்லாமல் கை வைத்தால் வேலையும் கெடும், கையும் கெடும் என்று சொல்லியே காலம் தள்ளியவனிடம் பேசுகிற பேச்சா இது? மறுநாளே ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். சாங்குல் மண்வெட்டி, மண் அள்ளும் கரண்டி, மண்ணைக் கிளறும் முள், கிளை வெட்டும் கத்தரி, சின்ன ரம்பம், ஸ்ப்ரே பம்ப், கையுறை, முட்டிக்கு அடியில் போட்டுக்கொள்ள ஒரு மெத்தை, மண்ணில் குத்தினால் அதில் புளிப்பு அதிகமா சுண்ணாம்பு அதிகமா என்று காட்டும் மீட்டர். கடைக்காரர் கண் விரிந்தது. "பாஸ், எத்தனை ஏக்கர்?" என்று கேட்டார். தொட்டி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "கொஞ்சம்தான்," என்றேன்.

எங்கள் ஃபேக்டரியில் புது மெஷின் வந்தால் பொட்டு வைக்காமல் சுவிட்சைத் தொட மாட்டோம். அதே முறைப்படி ஒன்பது டூல்ஸையும் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தி எடுத்தேன். ஆரத்தித் தண்ணீர் கால்படும் இடத்தில் சிந்தக் கூடாது அல்லவா? கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றினேன். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாளில் இலைகள் வெளிற ஆரம்பித்தன. கத்தரித்தேன், கிளறினேன், பம்ப் அடித்தேன். மீட்டரைக் குத்தினால் அதன் முள் சுண்ணாம்புப் பக்கமே போய் ஒட்டிக்கொண்டு நின்றது. சரக்கு சரியில்லை என்று கடையில் சண்டை போட்டு வேறு மீட்டர் மாற்றி வந்தேன். அதுவும் அதே பக்கம்தான் நின்றது. ரெண்டுமே டிஃபெக்ட் என்று முடிவு கட்டி அதைத் தூக்கி மூலையில் போட்டேன்.

அப்புறம்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. கண் பட்டுவிட்டது! இலை கிள்ள வருகிற ஒவ்வொருவரும் 'அடேயப்பா' என்றுவிட்டுத்தானே போகிறார்கள்? செவ்வாயும் வெள்ளியும் பொழுது சாயும் நேரத்தில் செடிக்கே ஆரத்தி எடுத்துக் கற்பூரம் காட்டி, தண்ணீரை அதன் காலடியிலேயே ஊற்றினேன். இலை வெளிற வெளிறச் சுண்ணாம்பைக் கூட்டினேன். தண்ணீர் ரத்தமாகச் சிவந்தது.

வீட்டுக்குள் நிலைமை அதைவிட மோசம். அவள் முட்டி மடங்கவே மாட்டேன் என்றது. பிசியோ பெண் வந்து போன ஒரு மாலை, "நான் இனிமே நடக்கவே மாட்டேன் போல," என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து செடி பிழைத்தால் அவள் கால் பிழைக்கும் என்று என் மண்டையில் ஏறிவிட்டது. முட்டாள்தனம்தான், தெரியும். தெரிந்தும் ஆரத்தித் தட்டோடு நின்று அழுதேன்.

அவள் ரசத்துக்கு ரெண்டு இணுக்கு கேட்டால், லிட்டில் இந்தியா கடைத்தெருவில் வாங்கி ஒளித்து வைத்ததை எடுத்து நீட்டினேன்.

ஏழாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் டக், டக் என்று சத்தம். நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பின்வாசலில் அவள் நின்றாள். மொட்டைச் செடியைப் பார்த்தாள், சிவந்த மண்ணைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள்.

"எவ்வளவு சுண்ணாம்பு போட்டீங்க?"

"கொஞ்சம்தான். வாரத்துக்கு ரெண்டு தடவை."

"ஐயோ கடவுளே! வெத்தலைக்கு அவ்வளவு வெச்சா வாயே வெந்துடும். இது பாவம், வாயில்லாத ஜீவன்." பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "ரசத்துல போட்டது கடை இலைன்னு எனக்கு மொத நாளே தெரியும்," என்றாள்.

தட்டைக் கீழே வைத்தேன். "ஆன்ட்டியக் கூப்பிடவா?"

"போன வாரம் என்னைப் பாக்க வந்தப்பவே எடுத்துக்கச் சொன்னேன். வேணாம்னுட்டாங்க."

"ஏன்?"

"'உன் புருஷன் தட்டுல நெருப்பு வெச்சுக்கிட்டு அந்தச் செடிய கும்பிட்டு அழுவுறாரு. அவரு சாமிய நான் எப்படித் தூக்கிட்டு வர்றது'ன்னு கேக்கறாங்க." அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எனக்கு ஆபரேஷன் நடந்தப்ப கேன்டீன்ல மீ கோரேங் சாப்பிட்டுக்கிட்டிருந்த மனுஷன், செடிக்கு அழுவுறீங்களா?"

"செடிக்கு யாரு அழுதா? நீ எந்திரிச்சு இந்த வாசலுக்கு வந்து என்னையத் திட்டணும்னுதான்..." குனிந்து தட்டை ஓரமாகத் தள்ளினேன்.

அவள் சிரிப்பு நின்றது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த நாற்காலிய இப்படிப் போடுங்க. வேர்ல இன்னும் உயிர் இருக்கும். மொதல்ல அந்த மண்ணையெல்லாம் அள்ளி வெளிய கொட்டுங்க. கையால!" என்றாள்.

நான் மண்டியிட்டு அள்ள ஆரம்பித்தேன்.

"மெதுவா! வேர அறுத்துடாதீங்க. நாளைக்கும் நடந்து வந்து திட்டுவேன்."