பீடத் துணி

இனி ஆறாது என்று டாக்குத்தர் கைவிட்ட கிழவரின் காற்புண்ணுக்குக் கட்டுப்போட, எங்கள் பங்குக் கோயிலின் முதியோர் இல்லத்தில் இன்று பழைய வேட்டியொன்றைக் கிழித்தபோது எழுந்த கஞ்சிப்பசை மணம், குருநகர்க் கடற்கரையில் இப்போது வெறும் மணலாகக் கிடக்கும் கோயில் மண்டபத்துக்குள் என்னைத் தள்ளிவிட்டது.

அந்தச் சண்டை நாட்களில் ஷெல்லடிக்குத் தப்பி வந்தவர்கள் பாயில்லாமல் சீமெந்துத் தரையில் நெருங்கிக் கிடக்க, முனகலும் செபமாலையும் பிரித்தறிய முடியாமல் நாள் முழுக்க ஒன்றாய்க் கேட்கும். கோயில் துணிகளை வெளுத்துக் கஞ்சிபோட்டு மடித்துவைப்பது அம்மாவின் வேலை. காயங்களுக்குக் கட்டுத்துணி முடிந்த அன்று அவள் பீடத்தில் விரிக்கும் வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து, ஒரு தலைப்பை என்னிடம் நீட்டினாள்.

“அம்மா, உது சுவாமியின்ரை துணியெல்லே?”

“ஓம் பிள்ளை, சுவாமிக்குத்தான் கட்டப்போறன். இறுக்கிப் பிடி.”

கிழிந்த சத்தத்தில் மண்டபமே ஒருகணம் அடங்கியது. வயிற்றில் காயம்பட்ட ஒருவருக்கு அவள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அவருடைய மூச்சு நின்றுவிட்டது. அம்மா நிறுத்தவில்லை, மிச்சத்தையும் சுற்றி முடிச்சுப் போட்ட பிறகுதான் சிலுவை அடையாளமிட்டு எழுந்தாள்.

“கட்டுப்போட்டு என்ன பிள்ளை, இந்தப் புண் இனி மாறாது” என்கிறார், காலை நீட்டியிருக்கும் கிழவர்.

என் செபம் எதற்கும் இன்றுவரை பதில் வந்ததில்லை. துணி கிழிக்கும்போது மட்டும், மறு தலைப்பை யாரோ இறுக்கிப் பிடித்திருப்பது தெரிகிறது.